பூலோனில் மீன் வாங்குங்கள், சொக்லேட்டை விட்டுவிடுங்கள்

பாரிஸில் இருக்கும் பிள்ளைகளையோ சகோதரங்களையோ பார்க்கப் போகும் நம் வன்னி ஆட்களை வீட்டுக்காரர் கூட்டிப்போகும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஈபிள் கோபுரம், லா ஷப்பல் தமிழ்க் கடைகள், நேரம் கிடைத்தால் லூர்து மாதா கோயில். கடற்கரைக்குப் போவோம் என்று நான் கேட்டபோது தம்பிக்குச் சிரிப்பு. "முல்லைத்தீவிலிருந்து வந்து கடல் பார்க்கவா அக்கா?" என்றான். எனக்குக் கடல் பார்க்க வேண்டியதில்லை, மீன் பார்க்க வேண்டும். ஊரில் மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். விடியப்புறம் கரைக்குப் போய், படகு வரும்வரை நின்று, பூ (செவுள்) விரித்துப் பார்த்து மீன் எடுப்பதுதான் என் நாளின் முதல் வேலை. பிரான்சிலேயே ஆகக் கூடுதலாக மீன் இறங்கும் துறைமுகம் காரில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தபிறகு அதைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனம் வருமா?

அந்த ஊர் பூலோன்-சூர்-மேர். பாரிஸிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீற்றர், ஏ16 நெடுஞ்சாலை. வழியில் பாதைக் கட்டணம் வாங்குகிறார்கள், ஆகவே காரில் இடமிருக்கிற அளவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது புத்தி. போனால் சனிக்கிழமை போங்கள். புதனும் சனியும் காலையில்தான் டல்ட்டன் சதுக்கத்தில் சந்தை கூடும். ஞாயிறு பின்னேரமும் திங்களும் பல கடைகள் பூட்டு. லண்டனில் உறவு உள்ளவர்களுக்கும் ஒரு சொல். காரை ரயிலில் ஏற்றிக் கடலுக்கு அடியால் 35 நிமிடத்தில் கலேக்கு வந்துவிடலாம், ஒரு நாளில் போய்வரலாம் என்று ஆசை காட்டுவார்கள். அவர்களின் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு அது சரி. நம் இலங்கைக் கடவுச்சீட்டில் பிரித்தானிய விசா மட்டும் குத்தியிருந்தால் போதாது, பிரான்சுக்குள் வர ஷெங்கன் விசா தனியாக எடுத்திருக்க வேண்டும். ரிக்கெற் போட்ட பிறகு இதை அறிந்து பிரயோசனமில்லை.

நாங்கள் இருட்டோடு வெளிக்கிட்டோம். ஐப்பசி மாதம். மச்சாளின் குளிர்ச்சட்டை எனக்கு முழங்கால்வரை வந்தது. பூலோனில் கம்பெத்தா கரை என்று ஒரு படகுத்துறை. அதன் ஓரத்தில் சின்னச் சின்ன மீன்கடைகள் வரிசையாக நிற்கின்றன. பின்னால் படகு, முன்னால் தராசு. இடையில் வியாபாரி இல்லை. கடலுக்குப் போகிற குடும்பமே விற்கிறது, பெரும்பாலும் பெண்கள். இந்த ஒரு வரிசைக்காகவே அந்த ஊருக்குப் போகலாம் என்பேன்.

நான் போனதும் பார்த்தது கண்ணும் பூவும்தான். கண் உப்பி, கறுப்பு மணி தெளிவாக இருந்தது. மச்சாளைக் கொண்டு கேட்டு ஒரு மீனின் பூவைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல சிவப்பு. விற்ற அம்மா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குப் பிறகு எனக்குக் காட்டிய மீனெல்லாம் தட்டின் அடியிலிருந்து எடுத்த மீன். தொழில்காரிக்குத் தொழில்காரியைத் தெரியும்.

என்னென்ன இருந்தது? நாக்கு மீன் குவியலாக. முதுகில் செம்மஞ்சள் புள்ளி போட்ட இன்னொரு தட்டை மீன். நம் கும்பளாவின் சொந்தக்காரன் ஒருவன், முதுகில் பச்சைநீலக் கோடுகளோடு. கணவாய். தோல் உரித்த திருக்கைச் சிறகு, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக. ஓட்டோடு ஸ்கலப் சிப்பி. அந்தச் சிப்பியை ஒக்டோபர் 1 முதல் மே 15 வரை மட்டும்தான் பிடிக்க விடுகிறார்கள், ஆகவே கோடை விடுமுறையில் போகிறவர்களுக்குக் கரையில் அது கிடைக்காது. ஒவ்வொரு தட்டிலும் அட்டை குத்தியிருக்கிறது: மீனின் பெயர், எந்தக் கடல், எந்த வகை வலை, கிலோ என்ன விலை. ஐரோப்பியச் சட்டப்படி இவை எல்லாம் எழுதியிருக்க வேண்டுமாம். நம் கரையில் கூவி ஏலம் போடும்போது காது கூர்மையாக இருந்தால் போதும், இங்கே கண்ணாடி போட்டுக்கொண்டு போக வேண்டும். விலை பேசுவது கிடையாது. நான் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன், மச்சாள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

நாக்கு மீன் கிலோ 25 யூரோவுக்கு மேல். யூரோ 300 ரூபாயைத் தாண்டி நிற்கிற காலம், கணக்குப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். கும்பளா மாதிரியான அந்த மீன் 7 யூரோ அளவில். அதையும் திருக்கைச் சிறகையும் வாங்கினேன். தம்பிக்காக நாக்கு மீனில் ஒன்று. அதை அந்த அம்மா உரித்த விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். வாலுக்குக் கிட்டக் குறுக்காக ஒரு சின்னக் கீறல். பெருவிரல் நகத்தால் தோலின் ஓரத்தைக் கிளப்பினார். ஒரு கையால் வாலைத் துணியோடு பலகையில் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் ஒரே இழுவை. தலைவரைக்கும் தோல் முழுசாகக் கழன்று வந்தது, சதையில் ஒரு கீறல் இல்லை. நான் கத்தியைச் சரித்துப் பிடித்துச் சுரண்டிச் சுரண்டிப் பத்து நிமிடம் மினக்கெடும் வேலை. ஊருக்கு வந்து செய்து பார்த்தேன், வருகிறது. மீன் புதிதாக இருந்தால்தான் வரும்.

ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள். பதினொரு மணிக்குப் பல தட்டு வெறுமை. ஐஸ் பெட்டி கொண்டு போங்கள். மழைக்கு ஒதுங்க இடமில்லாத கரை அது, குடையைக் காற்று வைத்திருக்க விடாது.

சந்தையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிக்கொலா கோயில் முன்னால் மரக்கறி, அப்பிள், சுட்ட கோழி, பூக்கள். லீக்ஸ் ஒன்று என் மணிக்கட்டுத் தடிப்பில் இருந்தது. பிறகு தியேர் தெருவில் இருக்கும் பிலிப் ஒலிவியே சீஸ் கடை. பாரிஸ்காரரும் தேடி வரும் கடையாம். உள்ளே போனதும் மூக்கு முதலில் திரும்பிப் போகச் சொல்லும், கேட்க வேண்டாம். கேட்டால் கத்தி முனையில் சின்னத் துண்டு வெட்டி ருசி பார்க்கத் தருகிறார்கள். முகம் சுளித்தாலும் கோபமில்லை, அடுத்ததைத் தருகிறார்கள்.

அங்கே வியூ-பூலோன் என்று ஒரு சீஸ். சதுரக் கட்டி, செம்மஞ்சள் நிறத்தில் ஈரமான தோல். பசுப்பாலில் செய்து, வாரக்கணக்கில் பியரால் கழுவிக் கழுவிப் பழுக்க வைப்பது. 2004இல் இங்கிலாந்தின் க்ரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் சீஸ்களின் மணத்தை அளந்து பார்த்தபோது இதுதான் முதலிடம் பிடித்தது. மாரியில் நனைந்து காயாமல் கிடந்த நெல்லுச் சாக்கை விரித்தால் வருமே, அந்த வாடை. ஆனால் வாயில் போட்டால் வேறு கதை. வெண்ணெய்ப் பதம், மெல்லிய உப்பு, பின்னால் ஒரு கசப்பு. எருமைத் தயிரைக் கட்டிப் பிழிந்து உப்புப் போட்டால் கிட்ட வரலாம். மணத்துக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். ஆனால் காரில் வைக்க வேண்டுமானால் இரண்டு பைக்குள் போட்டுக் கட்டுங்கள். ஊருக்குக் கொண்டுவர நான் வாங்கியது மிமொலெற். அது காய்ந்த, கடினமான, பப்பாளிப்பழ நிறச் சீஸ், காற்றை உறிஞ்சி அடைத்துத் தந்தார்கள்.

பழைய ஊர் மேட்டில் இருக்கிறது, சுற்றிவர 13ஆம் நூற்றாண்டு மதில். உள்ளே பெரிய மாதா கோயில். ஆளில்லாத படகொன்றில் மாதா சொரூபம் தானாகக் கரைக்கு வந்தது என்பது அந்த ஊரின் ஐதீகம், அதனால் மாதாவைப் படகில் நிற்கிறபடிதான் செய்து வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போகிற சனம் எங்கேயும் இப்படித்தான் கும்பிடும். நௌசிக்கா என்ற பெரிய மீன்காட்சியகமும் அங்கேதான், 1991இல் திறந்து 2018இல் பெருப்பித்தது. 10,000 கன மீற்றர் தண்ணீர் நிற்கும் தொட்டியில் கொம்புத் திருக்கையும் சுறாவும் நீந்துகின்றனவாம். பிள்ளைகள் அழுதார்கள். ஒரு நாளில் வாங்கவும் சாப்பிடவும் போகிறவர்களுக்கு அது தோதுப்படாது, அரை நாளைத் தின்றுவிடும். நாங்கள் போகவில்லை.

பூலோனிலிருந்து கரையோர வீதியில் வடக்கே போனால் ஒத்ரெசெல் என்று சின்ன ஊர். மீன்பிடிக்காரர் வீட்டு வாசலிலேயே நண்டும் சிங்க இறாலும் விற்கிறார்கள். மரத்தால் செய்த, அடி தட்டையான படகுகள் வீட்டு முற்றத்தில் நிற்கின்றன, துறைமுகமில்லாத கரை என்பதால் ட்ராக்டரால் இழுத்து ஏற்றி இறக்குகிறார்கள். அந்தப் படகுகளை நான் எடுத்த படத்தைத்தான் ஊரில் நான் மீன் எடுக்கும் சம்மாட்டி ஐயா நெடுநேரம் பார்த்தார். "எத்தனை குதிரை வலு மெஷின் பிள்ளை?" என்று கேட்டார். நான் விலையைப் பார்த்தேனே தவிர மெஷினைப் பார்க்கவில்லை.

நண்டு கனமான பழுப்பு ஓடு, தடித்த கொடுக்கு. கிலோ 10 யூரோவுக்குள். அவித்து மயோனேஸோடு சாப்பிடுவதற்கு அது சரி, கொடுக்குச் சதை இனிப்பு. கறிக்கு ஆகாது. ஓடு தடிப்பு, உள்ளே தூள் இறங்காது, சதை முழுக்கக் கொடுக்கில்தான். நண்டுக்கறிக்கு நந்திக்கடல் நண்டை விட்டால் வேறில்லை, இதில் நான் யாரோடும் சமரசத்துக்கு வரமாட்டேன்.

இன்னும் கொஞ்சம் போனால் கிறி-நே முனை. இங்கிலாந்துக்கு மிகக் கிட்டிய பிரெஞ்சுக் கரை, முப்பது கிலோமீற்றரை ஒட்டிய தூரம், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் இருப்பது மாதிரித்தான். வெயில் எறித்தால் அக்கரையின் வெள்ளைப் பாறை தெரியும். நம் பெடியள் எத்தனை பேர் இந்தக் கரையில் நின்று அந்த வெள்ளையைப் பார்த்திருப்பார்கள். கைபேசியைக் கவனியுங்கள், அந்த முனையில் அது இங்கிலாந்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். தம்பியின் போன் மணியை ஒன்று பின்னுக்குக் காட்டியது. ரோமிங் கணக்கு பிறகுதான் தெரியவரும்.

இந்த வேடிக்கையில் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. பிரான்சில் நம் ஊர்க் கடைகள் மாதிரி மூன்று மணிக்கும் சோறு இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பன்னிரண்டிலிருந்து இரண்டு, அவ்வளவுதான், பிறகு குசினி பூட்டு. முதல் போன கடையில் வாசலிலேயே கையை விரித்தார்கள். கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவரோடு இன்னொரு உணவகம் ஏற்றுக்கொண்டது. பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

எல்லோரும் மட்டியும் பொரித்த உருளைக்கிழங்கும் எடுத்தோம். அந்தக் கரையின் சோறு கறி அதுதான். ஆளுக்கு 17 யூரோ. ஒரு ஆளுக்கு ஒரு கறுப்பு எனாமல் சட்டி, மூடியைத் திருப்பி வைத்தால் அதுவே ஓடு போடும் பாத்திரம். வெள்ளை வைன், சின்ன வெங்காயம், செலறி, வெண்ணெய் போட்டு மட்டி வாய் திறக்கும்வரை மட்டும் வேகவைக்கிறார்கள். வைன் ஆகாதவர்கள் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். முள்ளுக்கரண்டி தேவையில்லை. முதல் மட்டியைச் சாப்பிட்டுவிட்டு, அந்த வெற்று ஓட்டை இரண்டு விரலுக்கிடையில் வைத்து, இடுக்கி மாதிரி அழுத்தி அடுத்த சதையைப் பிடுங்க வேண்டும். பக்கத்து மேசைக் கிழவர் செய்ததைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். சதை சின்னது, செம்மஞ்சள், இனிப்பு. உண்மையான விசயம் அடியில் நிற்கும் சாறு, பாணைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மச்சாளின் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் இருக்கும். ஒரு துளி போட்டோம், தேசிக்காயும் பிழிந்தோம். அதற்குப் பிறகு பிள்ளைகளும் சட்டியைத் துடைத்துவிட்டார்கள்.

சாப்பாடு பிழையில்லை, கடைக்காரர்தான் பிழை. குழாய்த் தண்ணீர் கூஜாவில் கேட்டோம். பிரான்சில் சாப்பிட உட்கார்ந்தவருக்கு அந்தத் தண்ணீரும் பாணும் இலவசம். அவர்கள் கொண்டுவந்து உடைத்தது போத்தல் தண்ணீர், பில்லில் அதற்கும் விலை. தம்பி எழும்பிப் போய்க் கதைத்த பிறகு முகத்தைத் தூக்கிக்கொண்டு கழித்தார்கள். உட்கார்ந்ததும் "கராஃப் தோ" என்று கேளுங்கள், போத்தலோடு வந்தால் மூடி திறக்க முன்னமே திருப்பி அனுப்புங்கள். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருப்பதால் மேலதிகமாகக் காசு வைக்க வேண்டிய கடமையுமில்லை. நாங்கள் வைக்கவில்லை.

திரும்பும் வழியில் தெற்கே லு தூக்கே. பணக்காரர் ஊர். பைன் மரத்துக்கிடையில் மாளிகை வீடுகள், சென்-ஜான் தெருவில் உடுப்புக் கடைகள். கண்ணாடிக்கு வெளியே நின்று விலை பார்க்க மட்டும் நல்ல தெரு. ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் சுற்றுலா விசாவில் போன நமக்கு வரியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும், அதற்குக் கடையிலேயே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் எடுத்து, விமான நிலையத்தில் இயந்திரத்தில் பதிய வேண்டும். அந்த அளவுக்கு வாங்க எனக்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

லு தூக்கேயில் நான் காசை மனமறிந்து கொடுத்த இடம் மெற்ஸ் தெருவிலுள்ள பெரார். 1963இல் தொடங்கிய மீன்கடையும் உணவகமும். அவர்களின் மீன் சூப் பெயர்போனது, போத்தலிலும் அடைத்து விற்கிறார்கள், 10 யூரோவுக்குள். கூடவே உள்ளியும் மிளகாயும் சேர்ந்த மஞ்சள் சோஸ் சின்னப் போத்தலில் தனியாக. அடுத்தது லு ஷா ப்ளு, 1912இலிருந்து இருக்கும் சொக்லேட் கடை. நீலப் பூனைப் படம் போட்ட வடிவான பெட்டி. ருசிக்கு ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் அது முல்லைத்தீவு வெயிலுக்குச் செய்த சாமான் இல்லை. கட்டுநாயக்காவிலிருந்து பஸ்ஸில் வந்து சேரும்போது பெட்டிக்குள் இருந்தது ஒரே கட்டி. குளிர்ப்பெட்டியில் வைத்து உடைத்துத்தான் பிள்ளைகளுக்குப் பங்கிட்டேன்.

அன்றைக்கு இரவே பாரிஸில் திருக்கையை அவித்து, உதிர்த்து, லா ஷப்பலில் வாங்கிய தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு வறை வறுத்தேன். பயணத்தில் சாப்பிட்டவற்றில் எல்லோரும் மறுபடி கேட்டது அதைத்தான். தம்பியின் நாக்கு மீன் வெண்ணெயில் பொரிந்தது, நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 25 யூரோ ருசி எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குக் கொண்டுவந்த சாமானில் எது தேறியது? மிமொலெற் சீஸை அம்மா ஒரு துண்டு கடித்துவிட்டு, "இதற்கு எங்கட தயிர்ச் சட்டியில் என்ன குறை?" என்று மீதியைப் பூனைக்குப் போட்டார். பூனையும் யோசித்துத்தான் தின்றது. சூப்பைப் பக்கத்து வீட்டு அக்கா வந்தபோது சுடவைத்து, மிளகு கொஞ்சம் கூட்டி, பாணை வாட்டி அந்த மஞ்சள் சோஸைப் பூசிக் கொடுத்தேன். மீனின் முள்ளு, தலை, தக்காளி எல்லாம் கரையக் காய்ச்சி வடித்த ருசி. இரண்டாவது கோப்பை கேட்டார்.

ஆனால் எல்லாவற்றையும் வென்றது பூலோன் கரையில் வாங்கிய புகைபோட்ட ஹெரிங் மீன். உப்பில் ஊறவைத்து மரப்புகையில் பழுக்க வைத்தது, காற்று உறிஞ்சிய பக்கற்றில் அடைத்து வரும், நவம்பரில் அந்த ஊரில் அதற்கென்று திருவிழாவே நடக்கும். சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு உப்பை இறக்கி, சின்னத் துண்டாக்கி, தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயம் பச்சைமிளகாயோடு பொரித்து, இறக்கும்போது தேசிப்புளி விட்டேன். பழஞ்சோற்றோடு அதைத் தின்ற சம்மாட்டி ஐயா, கருவாட்டைப் புகையிலும் போடலாமா என்று தென்னம் பொச்சைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கிறார். முள்ளு அதிகம், பிள்ளைகளுக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஆடியில் மச்சாள் பிள்ளைகளோடு வருகிறாள். என்ன கொண்டுவர என்று கேட்டாள். சூப்புப் போத்தல் நாலு, ஹெரிங் பக்கற் எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு, நீலப் பூனை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.